தம்பி முட்டையிட்ட விவரம்

அன்புள்ள பட்டாசுக்கு,

உன் அத்தான் எழுதுவது. முதலில் இந்தக் கையெழுத்தைப் பொறுத்துக்கொள். வரிகள் ஏறும், இறங்கும். ஆயுள் முழுக்க லிஃப்ட் ஓட்டியவன் கையை நேராகப் போ என்றால் எப்படிப் போகும்? சில எழுத்துகள் பெரிதாக இருக்கும். அவை எனக்குப் பிடித்தவை; எழுதி முடித்தும் விட்டுவர மனமில்லாமல் இன்னொரு சுற்றுச் சுற்றிவிடுகிறேன். சில எழுத்துகள் ஓரமாக ஒடுங்கி நிற்கும். அவற்றோடு இன்னும் பழக்கம் ஏற்படவில்லை. முதியோர் வகுப்பு டீச்சருக்கு என் பேத்தி வயதுதான் இருக்கும். "தாத்தா, எல்லா எழுத்தையும் ஒண்ணா நடத்துங்க. வேண்டியவங்க வேண்டாதவங்கன்னு பாக்காதீங்க" என்று தினமும் திட்டு. உன் பட்டப்பெயரை எழுதும்போது புள்ளி வைத்த இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. உனக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள். உன் முழங்கால் வலியும் நலமாக இருக்கும் என்று எழுதக் கூடாதாம்; டீச்சர் சொன்னாள்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த மாதம் நீ கூண்டோடு வந்து உன் அக்காவின் கொண்டைக்கிளியை, அதாவது நம் தம்பியை, எடுத்துக்கொண்டு போவதாகப் போனில் சொன்னாய். "எங்க அக்கா உசிரா வளத்தது அத்தான். உங்க கையில விட்டா அதையும் அனுப்பி வெச்சுடுவீங்க" என்றாய். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். நீ போனை வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் யாரும் ஒரு விஷயத்தை முடித்ததாகச் சரித்திரம் கிடையாது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது என்று தெரிந்துகொண்ட நாளிலிருந்து எழுத்தின் மேல் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஆகவே பதிலை எழுத்தில் தருகிறேன்: வராதே. தம்பியைத் தர மாட்டேன். ஏன் என்று கேட்பாய். அதற்குத்தான் மீதித் தாள்.

உனக்கு ஒன்று நினைவிருக்கும். அந்தப் பறவையை வாங்கும்போது கடைக்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஆண் என்று சொன்னார். "ஆணா இருந்தாத்தாம்மா பேசும், விசிலடிக்கும்" என்றார். அது பேசவும் இல்லை, விசிலடிக்கவும் இல்லை. உன் அக்கா அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. "எங்க வீட்டு ஆம்பளைங்க எல்லாம் இப்படித்தான்" என்று என்னைக் காட்டிவிட்டு அதற்குத் தம்பி என்று பெயர் வைத்தாள். ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் சரிபார்க்கிற வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்ற பிறகு இரண்டு பேரும் ஜன்னல் பக்கத்து நாற்காலியே கதி என்று இருந்தார்கள். அவள் தோளில் அது உட்காரும். அவள் காதோர நரைமுடியை ஒவ்வொன்றாக அலகில் எடுத்து நீவிவிடும். நான் பக்கத்தில் போனால் கொண்டையைத் தூக்கிக்கொண்டு பாம்பு மாதிரிச் சீறும். எனக்கு அந்த நாற்காலிப் பக்கம் வேலையே இல்லை என்று ஆகிவிட்டது.

அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனது காலை நேரம். தம்பி வாசல் கதவின் மேல் விளிம்பில் ஏறி உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நான் மட்டும் திரும்பி வந்தபோதும் அங்கேதான் இருந்தது. என்னைப் பார்த்தது, எனக்குப் பின்னால் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. அன்று வீடு நிறைய ஆட்கள். நீ அழுத அழுகையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் வகுப்பில் சேர்ந்தேன். வீட்டில் எது வந்தாலும் அவள்தான் படித்துச் சொல்வாள். மின்சார ஆபீஸிலிருந்து வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் நடந்தேன், அது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று தெரியாமல். சேர்ந்து பார்த்தால், பட்டாசு, இது எப்பேர்ப்பட்ட சுகம்! தெருவில் போகிறேன், சுவரெல்லாம் என்னோடு பேசுகிறது. "இங்கே குப்பை கொட்டாதீர்" என்று ஒரு சுவர் சொல்லிற்று. நான் கொட்டுவதாகவே இல்லை, ஆனாலும் நின்று முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போனேன். வீட்டில் இருக்கிற ஒரே மேஜை தம்பியின் கூண்டுக்குக் கீழே. விளக்கை இழுத்துக் கூண்டுக்கம்பியில் மாட்டிக்கொண்டு, சாயங்காலம் தொடங்கித் தூக்கம் வரும்வரை எழுதுவேன். தம்பியும் தூங்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். நமக்கு ஒரு துணை என்று எனக்கு அதில் பெருமை.

இப்படியிருக்க ஒரு நாள் காலை தம்பி முட்டையிட்டது.

கூண்டின் மூலையில், தாளுக்கு மேல், வெள்ளையாக. நான் முதலில் பக்கத்து வீட்டுக்காரர் விளையாட்டுக்கு வைத்தது என்றுதான் நினைத்தேன். அவர் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செல்லாத டிக்கெட்டைப் பார்ப்பதுபோல முட்டையை முன்னும் பின்னும் பார்த்தார். "இவன் அவன் இல்ல ஓய், அவள்" என்று தீர்ப்புச் சொன்னார். உனக்குப் போன் செய்தேன். நீ என்ன சொன்னாய்? "அத்தான், அக்கா இருந்தவரைக்கும் ஒழுங்கா ஆம்பளையா இருந்துது. உங்க கிட்ட வந்து மூணு மாசத்துல இந்தக் கதியா?"

புருஷன் இல்லாத இடத்தில் முட்டை எப்படி வரும் என்று எனக்குப் பெரிய குழப்பம். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது? கடைக்காரர்தான் விளக்கினார். பெண் பறவைக்கு நேரம் வந்தால் முட்டை வந்துவிடுமாம். ஆண் சேர்ந்தால்தான் அதில் குஞ்சு, சேராவிட்டால் வெறும் முட்டை. "அப்ப ஆண்னு வித்தீங்களே?" என்றேன். "குஞ்சுல எல்லாம் ஒரே மாதிரிதான் சாமி இருக்கும்" என்று அவர் என் காலருக்கு மேலே எங்கேயோ பார்த்தார். பொரிக்காத முட்டை எதற்கு என்று நான் அதை எடுத்துவிட்டேன். ஒரு நாள் விட்டு இன்னொன்று. அதையும் எடுத்தேன். இன்னொன்று. நான் எடுக்க எடுக்க, எண்ணிக்கை குறைகிறதே என்று அது ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? அதன் நெஞ்செலும்பு கையில் குத்த ஆரம்பித்தது.

கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். "ஜோடி இல்லாத ஏக்கம். ஒரு மாப்பிள்ளையைப் பாத்துச் சேத்து வெச்சா சரியாயிடும். நானே கொண்டாந்து விடறேன்." இந்த வயதில் எனக்கு வரன் பார்க்கிற வேலை வந்து சேர்ந்தது. முதலில் வந்தவன் சரியான மைனர். தோள் பக்கத்து இறக்கைகளை மட்டும் விரித்துத் தூக்கிக்கொண்டு, கூண்டுக்கம்பியை அலகால் தட்டித் தாளம் போட்டு, காலிங்பெல் சத்தத்தை விசிலடித்துக்கொண்டு குதித்துக் குதித்து வந்தான். ஆண் பறவை அப்படித்தான் ஆடிக் காட்டுமாம். பெண் பார்த்துவிட்டு முடிவு செய்யுமாம். தம்பி பார்க்கவே இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டது. நான்தான் அவன் விசிலடித்த போதெல்லாம் எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து திறந்து கால் வலி கண்டேன்.

அடுத்து டிக்கெட் பரிசோதகர் தன் வீட்டுப் பறவையைக் கொடுத்தார். வயதானவன், சாது. ஜோடியை இழந்தவன் என்றார். இது ஒத்துவரும் என்று எனக்கும் பட்டது. தம்பி அவன் தட்டிலிருந்த தினையை எல்லாம் தின்றுவிட்டு அவன் காலைக் கடித்தது. பரிசோதகர் வந்து காலைப் பார்த்துவிட்டு, "உம்ம வீட்டுப் பொண்ணுக்கு வாய்தான் அதிகம்னு நெனச்சேன். அலகும் அதிகம் ஓய்" என்று சொல்லிவிட்டு அவனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது வரன் மஞ்சள் நிறம், கொள்ளை அழகு. கடைக்காரர் நெஞ்சில் கை வைத்து ஆண் என்றார். இரண்டும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தன. எனக்கு ஒரே சந்தோஷம். அந்த வாரக் கடைசியில் மாப்பிள்ளை முட்டையிட்டார். அவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடையில் ஆண் என்றால் பெண் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பெண் என்றால் என்னவென்று கேட்கப் பயமாக இருக்கிறது.

சிரிப்பாய். நானும் சிரித்தேன். பிறகு ஒரு காலையில் தம்பி கூண்டின் தரையில் இறக்கையைப் பரப்பிக் கிடந்தது. வால் மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. அட்டைப்பெட்டியில் துணி போட்டுத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறினேன். பெட்டிக்குள்ளிருந்து சத்தமே இல்லை. கண்டக்டர், "என்ன பெருசு, பெட்டியில முட்டையா, பாத்து" என்றார். ஆமாம் என்றேன்.

பறவை பார்க்கிற டாக்டரம்மா கண்டிப்பானவர். முட்டை உள்ளேயே மாட்டிக்கொண்டது, ஓடு கட்ட உடம்பில் சுண்ணாம்புச் சத்து மிச்சமில்லை என்றார். வெந்நீர் ஆவியில் வைத்தார், மருந்து கொடுத்தார், என்னை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார். சுவரில் ஏதேதோ எழுதியிருந்தது. ஒரு எழுத்துகூட எனக்கு அப்போது தெரியவில்லை. கூப்பிட்டபோது உள்ளே போனேன். தோல்முட்டை ஒன்று தட்டில் இருந்தது. தம்பி உயிரோடு இருந்தது. அதன் பிறகு எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"இதுக்கு ஜோடி எங்க?" என்றார்.

"ஜோடியே கிடையாதும்மா. அதுக்காகத்தான் மூணு வரன் பாத்தேன். எல்லாத்தையும் தட்டிடுச்சு."

"ஜோடி இருக்கறதாலதான் தட்டியிருக்கு. யாரு தோள்ல உக்காரும்?"

"என் வீட்டுக்காரி தோள்ல."

"முடியைக் கோதி விடுமா?"

"காலையில அதான் அதுக்கு வேலை."

"அவங்க எங்க? அவங்களை வரச் சொல்லுங்க."

நான் பெட்டியின் மூடியைச் சரிசெய்தேன். அவருக்கே புரிந்துவிட்டது. பிறகு மெதுவாகப் பேசினார். குஞ்சிலிருந்தே மனிதர் கையில் வளர்ந்த பறவை மனிதரைத்தான் தன் இனம் என்று நினைக்குமாம். ஆட்டமும் பாட்டும் பார்த்து ஏமாறாதாம். கூடவே இருப்பது யார், தலையைக் கோத விடுவது யார், அடைகாக்கும்போது மாற்றி உட்காருவது யார் என்று பார்த்துத்தான் எடுத்துக்கொள்ளுமாம். எடுத்துக்கொண்டால் சீக்கிரத்தில் மாறாதாம்.

ஆக, பட்டாசு, உன் அக்காவுக்கு நான் மட்டும் புருஷன் இல்லை. அந்த வீட்டில் தாரமிழந்து உட்கார்ந்திருந்தது இரண்டு பேர். இத்தனை நாளும் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லோரும் என் கையை மட்டும் பிடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்டார். "ராத்திரி விளக்கு எரியுதா?" எழுதப் படிக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பகல் நீண்டால் பறவைக்குக் குஞ்சு பொரிக்கிற பருவம் வந்துவிட்டது என்று உடம்பு நினைத்துக்கொள்ளுமாம். நான் உயிரெழுத்து படிக்கப் படிக்க அது முட்டையிட்டிருக்கிறது. அன்றிலிருந்து இருட்டினால் விளக்கு கிடையாது. பகலில்தான் எழுதுகிறேன். இனி வருகிற முட்டைகளை எடுக்காமல் விட்டால் அடைகாத்துச் சலித்துத் தானாகவே எழுந்துவிடும், சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு வாங்கிக் கம்பியில் செருகுங்கள் என்றார். செருகினேன்.

அடைகாக்கிற காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த இனத்தில் பகல் முழுக்க ஆண் உட்காருமாம், இரவு பெண். தம்பி இரவெல்லாம் உட்கார்ந்துவிட்டு, பொழுது ஏறியதும் எழுந்து நின்று கதவைப் பார்த்துக் கூப்பிடும். யாரும் வர மாட்டார்கள். மறுபடி உட்காரும். தண்ணீர்கூடக் குடிக்காது. பகல் ஷிப்ட் ஆள் வரவில்லை என்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? மாற்று ஆள் வராமல் லிஃப்டை விட்டு இறங்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். கால் மரத்துப்போய் நின்றிருக்கிறேன். அதனால் காலையில் கையைக் கழுவித் துடைத்து, வெந்நீர்ப் பாட்டிலைக் கொஞ்சம் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு, கூண்டுக்குள் நீட்டி முட்டைகளின் மேல் வைத்தேன். முதல் நாள் கடித்தது. ரத்தம் வந்தது. நான் எடுக்கவில்லை. மறுநாள் முறைத்தது. அதற்கடுத்த நாள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, இறங்கிப் போய்த் தினை தின்று, தண்ணீர் குடித்து, கிண்ணத்தில் குளித்துக்கூட விட்டு வந்தது. ஒரு கை முட்டைமேல், ஒரு கையில் பேனா. இந்தக் கடிதத்தின் முதல் பக்கங்கள் அப்படி எழுதியவைதான்.

இப்போது தம்பி அடையிலிருந்து எழுந்துவிட்டது. முட்டைகளை எடுத்துவிட்டேன், அது தேடவில்லை. உடம்பு தேறிவிட்டது. புது முட்டை இல்லை. சீறுவதும் இல்லை. கொண்டையைப் படிய வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதுவதைப் பார்க்கிறது. ஆகவே நீ வர வேண்டிய அவசியமே இல்லை. உன் அக்கா பொருள் என்றாய். வாஸ்தவம். நானும் உன் அக்கா பொருள்தான். இரண்டும் ஒரே இடத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் பழைய கடிதங்களுக்கு அவள் எழுதிய பதில்களில் எல்லாம் கடைசியில் "அவரும் விசாரித்தார்" என்று இருக்கும் என்று அன்றைக்கு நீ சொன்னாயே, ஒரு தடவைகூட அவள் என்னைக் கேட்டு எழுதியதில்லை. இப்போது அவர் நிஜமாகவே விசாரிக்கிறார். உன் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் பெயர் சொல்லி விசாரித்ததாகச் சொல். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருங்கள்.

இப்படிக்கு,
உன் அத்தான் (நானே எழுதியது)

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் தள்ளிவிடு. உடனே வா.

நேற்றுக் காலை உறையை ஒட்ட உட்கார்ந்தேன். தம்பி என் கைமேல் ஏறி, தோளுக்கு வந்து, காது மடலைப் பிடித்துக்கொண்டு தலையை முன்னும் பின்னும் ஆட்டிற்று. காதில் ஏதோ ஈரமாக விழுந்தது. தொட்டுப் பார்த்தால் மென்ற தினை. தன் வயிற்றுக்குப் போனதை எடுத்து எனக்கு ஊட்டியிருக்கிறது. பெருமை தாங்காமல், துடைக்காமல் அப்படியே டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

அவர் சிரிக்கவில்லை. "பகல்ல முட்டை மேல கை வெச்சது நீங்கதானே?" என்றார். "ஆமாம்மா, பாவம், ஆள் இல்லையேன்னு." "அதுக்கு இப்ப ஆள் கெடச்சாச்சு ஐயா. உங்களைத்தான் எடுத்துக்கிச்சு. ஜோடின்னு ஆனா அடுத்தது முட்டைதான். இன்னொரு தடவை மாட்டிக்கிச்சுன்னா பொழைக்காது."

பேசாமல் தள்ளி இருந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். ஒரே வீட்டில் எவ்வளவு தள்ளுவீர்கள் என்று அவர் கேட்டார். எடுத்துக்கொண்ட ஆள் கண்ணில் படாத, குரல் கேட்காத வீடுதான் அதற்கு மருந்து என்றார்.

நம் காலத்தில் யார் யாரைத் தேர்ந்தெடுத்தது? பெரியவர்கள் முடித்தார்கள், நாங்கள் இரண்டு பேரும் சரி என்றோம். உன் அக்காவுக்கு என்னைப் பிடித்ததா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எழுந்து போய் அடுப்பைப் பார்த்திருப்பாள். மூன்று பேரைப் பார்த்து வேண்டாம் என்று தள்ளிவிட்டு, இந்த ஆள்தான் என்று என்னை ஒருவர் எடுத்துக்கொண்டது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தை முழுதாக ஒரு நாள் வைத்திருந்தேன். இன்று கூண்டுக்கு மேல் துணி போட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அது கூப்பிடுகிறது. நான் பதில் கொடுக்கவில்லை.

போனில் சொல்லியிருக்கலாம். என் குரலை அது கேட்கக் கூடாது. அடுத்த மாதம் வரை காத்திராமல் இது கையில் கிடைத்ததும் புறப்பட்டு வா. உன் வீட்டில் வேளைக்குத் தினை போடு, இருட்டினால் விளக்கை அணை, முதுகைத் தடவாதே; தடவினால் ஜோடி என்று எடுத்துக்கொள்ளுமாம். உன்னை அது எடுத்துக்கொள்ளாது என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உன் வீட்டுக்காரரே எடுத்துக்கொள்ள எத்தனை வருஷம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும்.

நீ அதைக் கொண்டுபோன பிறகு, அடுத்த வாரம் எழுதுகிறேன். கடிதம் வந்தால் அதன் எதிரில் வைத்துச் சத்தமாகப் படிக்காதே. வெளியே போய் நின்று படி.